றக்பியா, கேலிக்கா? அயர்லாந்தின் தீராத வழக்கும் மத்தியஸ்தரின் விசிலும்

அயர்லாந்தில் ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி மாதம் பிறந்ததும் பழைய வழக்கொன்று மீண்டும் விசாரணைக்கு வந்துவிடும். ஆறு நாடுகள் றக்பித் தொடர் ஆரம்பமாகி டப்ளின் நகரின் மதுச்சாலைகள் பச்சைச் சட்டைகளால் நிரம்புகின்ற அதே வாரங்களில், சேறும் குளிர்காற்றும் நிறைந்த நாட்டுப்புற மைதானங்களில் கேலிக் விளையாட்டுகளின் தேசிய லீக் போட்டிகள் நடைபெற்றுக்கொண்டிருக்கும். இந்த நாட்டின் விளையாட்டு எது என்ற கேள்வி அப்போது கிளம்பும். றக்பி ரசிகர் தொலைக்காட்சிப் பார்வையாளர்களைக் காட்டுவார். கேலிக் ரசிகர் ஊருக்கு ஊர் இருக்கும் கழகங்களைக் காட்டுவார். இருவரும் இந்தக் கேள்வியில் களைத்துப்போன பின்னர் மத்தியஸ்தர்களைப் பற்றிய சர்ச்சை தொடங்கும். அது இன்னமும் சூடானது.

டப்ளினில் குடியேறி நீண்டகாலமாகிவிட்ட எனது பழைய சக பத்திரிகையாளர் ஒருவரின் மூத்த மகன் பாடசாலை அணியில் றக்பி ஆடியவர். இளையவர் பங்குக் கழகத்தில் கேலிக் உதைபந்தாட்டம் ஆடியவர். இந்த வழக்கு தமது வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் நடப்பதாக நண்பர் எழுதிய பின்னரே நான் அதனைக் கூர்ந்து அவதானிக்கத் தொடங்கினேன்.

வாசகர்களில் பலருக்கு கேலிக் விளையாட்டுகள் அறிமுகமில்லாதவையாக இருக்கக்கூடும். அவற்றில் முக்கியமானவை இரண்டு. கையாலும் காலாலும் ஆடப்படும் கேலிக் உதைபந்தாட்டம் ஒன்று. மரமட்டையால் சிறிய தோல் பந்தை அடித்தாடும் ஹேர்லிங் மற்றையது. ஒரு அணிக்கு 15 பேர். கம்பங்களுக்கு இடையே குறுக்குச் சட்டத்துக்கு மேலாகப் பந்து சென்றால் பொதுவாக ஒரு புள்ளி, அதற்குக் கீழே வலைக்குள் சென்றால் மூன்று புள்ளிகளுக்குச் சமமான ஒரு கோல். ஆடுபவர்கள் எவருக்கும் சம்பளம் கிடையாது. 82 ஆயிரம் பேர் முன்னிலையில் அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் ஆடிய ஆசிரியர் மீண்டும் தனது வகுப்பறைக்கே திரும்புவார். றக்பியோ 1995 ஆம் ஆண்டிலிருந்து தொழில்முறை விளையாட்டு.

இரண்டுக்கும் இடையிலான போட்டியை வெறும் ரசிகர் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. 1884 நவம்பர் முதலாம் திகதி தேர்ள்ஸ் நகரின் ஹோட்டல் ஒன்றில் மைக்கல் கியூசக் முதலானோர் கூடி கேலிக் மெய்வல்லுநர் சங்கத்தை ஆரம்பித்தபோது, ஆங்கிலேயரின் விளையாட்டுகள் தமது மக்களின் மைதானங்களை விழுங்கிவிடும் என்ற அச்சமே அவர்களை உந்தியது. அந்த அச்சம் பின்னர் விதியாகவும் மாறியது. றக்பி, உதைபந்தாட்டம், கிரிக்கெட், ஹொக்கி ஆகிய 'அந்நிய விளையாட்டுகளை' ஆடுவதோ பார்க்கச் செல்வதோ உறுப்பினர்களுக்குத் தடைசெய்யப்பட்டது. நாட்டின் முதலாவது ஜனாதிபதியான டக்ளஸ் ஹைட் 1938 இல் போலந்துடனான உதைபந்தாட்டப் போட்டியொன்றுக்கு விருந்தினராகச் சென்றார் என்பதற்காக, சங்கத்தின் புரவலர் பட்டியலிலிருந்து அவரது பெயர் நீக்கப்பட்டது. ஐரிஷ் மொழியின் மறுமலர்ச்சிக்காகத் தனது வாழ்நாளைச் செலவிட்ட மனிதருக்கு நேர்ந்த கதி அது! கெரி மாவட்டத்தைச் சேர்ந்த மொஸ் கீன், தடை அமுலில் இருந்த காலத்தில் 'மொஸ் ஃபென்டன்' என்ற புனைபெயரில் றக்பி ஆடினார். தடை 1971 இல் நீக்கப்பட்டது. 1974 இல் அவர் தனது சொந்தப் பெயரிலேயே அயர்லாந்து தேசிய அணிக்காகக் களமிறங்கினார்.

மைதானத்தின் கதவு திறப்பதற்கு அதன் பிறகும் ஒரு தலைமுறைக் காலம் தேவைப்பட்டது. டப்ளினில் உள்ள குரோக் பார்க் சங்கத்தின் தலைமை மைதானம். 1920 நவம்பர் 21 ஆம் திகதி அங்கு உதைபந்தாட்டப் போட்டி நடந்துகொண்டிருந்தபோது பிரித்தானியப் படைகள் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் பலியாகினர். ஆடிக்கொண்டிருந்த மைக்கல் ஹோகனும் அவர்களில் ஒருவர். அங்கு றக்பியை அனுமதிப்பதா என்ற கேள்வி 2005 ஏப்ரலில் சங்கத்தின் மாநாட்டில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. றக்பிக்குரிய லான்ஸ்டவுன் றோட் மைதானம் இடித்துக் கட்டப்படவிருந்த காலம் அது. 227 பேர் ஆதரவாகவும் 97 பேர் எதிராகவும் வாக்களித்தனர். 2007 பெப்ரவரி 24 ஆம் திகதி இங்கிலாந்து அணி அங்கு வந்து நின்றபோது பிரித்தானிய தேசிய கீதம் இசைக்கப்பட்டது. மைதானம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அயர்லாந்து 43 - 13 என்று வெற்றி பெற்றது. அந்த ஆட்டத்தில் றொனன் ஓகாரா குறுக்காக உதைத்த பந்தை ஷேன் ஹோர்கன் எல்லைக்கோட்டோரம் துள்ளி எழுந்து தலைக்கு மேலாகப் பிடித்துப் புள்ளி பெற்றார். ஹோர்கன் இளமையில் மீத் மாவட்டத்துக்காக கேலிக் உதைபந்தாட்டம் ஆடியவர். அந்தப் பிடி எங்கே கற்றுக்கொள்ளப்பட்டது என்பதை மைதானத்தில் இருந்தவர்களுக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சரி, எது பிரபல்யமானது? பத்திரிகைத் துறையில் முப்பது வருடங்களைக் கழித்தவன் என்ற வகையில் இந்தச் சர்ச்சை எனக்கு மிகவும் பரிச்சயமானது. விநியோகப் பிரிவினர் விற்பனையான பிரதிகளை எண்ணுவார்கள். விளம்பரப் பிரிவினர் ஒரு பிரதியை எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று கணக்கிட்டு அதனை நான்கால் ஐந்தால் பெருக்குவார்கள். இரண்டு எண்களுமே உண்மையானவை என்று இரு தரப்பும் சத்தியம் செய்யும். றக்பி தரப்பினரின் எண் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. தேசிய அணி ஆடும் நாளில் நாடே தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும். ஆண்டிறுதியில் வெளியாகும் அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சிகளின் பட்டியலில் அந்தப் போட்டிகள் முன்வரிசையில் இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அவ்வாறு பார்ப்பவர்களில் பெரும்பாலானவர்கள் மறுநாள் காலையில் தமது பிள்ளையை அழைத்துச் செல்வது கேலிக் கழகத்துக்கே. சங்கத்துக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமான கழகங்கள் உள்ளன. றக்பிக் கழகங்கள் அதில் சிறியதொரு பங்கு.

இன்னுமொரு உண்மையையும் றக்பி ரசிகர்கள் எளிதாக மறந்துவிடுகிறார்கள். பெருங்கூட்டம் வருமென்றால் அவர்களது விளையாட்டு கேலிக் சங்கத்தின் வாசலிலேயே போய் நிற்கிறது. 2009 மே மாதம் லெயின்ஸ்டரும் மன்ஸ்டரும் மோதிய ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியை 82 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பார்த்தது குரோக் பார்க்கில். 2022 நவம்பரில் தென்னாபிரிக்கத் தெரிவு அணியை எதிர்த்து மன்ஸ்டர் ஆடியது கோர்க் நகரின் கேலிக் மைதானத்தில். 2023 உலகக் கிண்ணத்தை நடத்துவதற்கு அயர்லாந்து விண்ணப்பித்தபோதும் (அது பிரான்ஸுக்குப் போய்விட்டது) கேலிக் மைதானங்களை நம்பியே விண்ணப்பித்தது. எனவே பிரபல்யத்தைப் பொறுத்தவரை எனது தீர்ப்பு கேலிக் பக்கம். பத்து நாடுகள் மட்டும் உருப்படியாக ஆடுவதற்கு உலகக் கிண்ணம் ஒரு கேடா என்று கேலிக் ரசிகர்கள் கிண்டல் செய்வதை மாத்திரம் அவர்கள் தவிர்த்துக்கொள்ளலாம். ஒரே தீவுக்குள் நடக்கும் போட்டிக்காக ஆயுளைக் கொடுப்பவர்களின் வாயில் அது பொருந்தவில்லை.

இந்தப் பகைமையில் வர்க்கமும் கலந்திருக்கிறது. டப்ளினில் றக்பி என்றால் கட்டணம் அறவிடும் தனியார் பாடசாலைகள் என்று அர்த்தம். வடக்கில் எந்தப் பாடசாலையில் எந்தப் பந்து என்பதை நீண்டகாலமாக மதமே தீர்மானித்து வந்திருக்கிறது. லிமரிக் நகரில்தான் துறைமுகத் தொழிலாளியின் மகனும் மருத்துவரின் மகனும் ஒரே றக்பி அணியில் தோளோடு தோள் நின்றார்கள். அதே லிமரிக் 2018 தொடக்கம் 2023 வரை ஐந்து தடவைகள் அகில அயர்லாந்து ஹேர்லிங் கிண்ணத்தையும் வென்றது. அங்கே இந்த வழக்கைப் பேசினால் சிரிப்பார்கள்.

இனி மத்தியஸ்தர்களைப் பற்றி. உண்மையில் நான் எழுத விரும்பியது இதைத்தான்.

கேலிக் ஆட்டத்தில் மத்தியஸ்தருக்கு உதவியாக ஒவ்வொரு கோல் கம்பத்தின் அருகிலும் வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் நிற்பார். மொத்தம் நான்கு பேர். பெரும்பாலும் மத்தியஸ்தரின் சொந்தக் கழகத்து நண்பர்களும் உறவினர்களுமே அவர்கள். கோலுக்குப் பச்சைக் கொடி, புள்ளிக்கு வெள்ளைக் கொடி. பயணச் செலவு போன்றவற்றைத் தவிர எவருக்கும் ஊதியம் இல்லை. அகில அயர்லாந்து இறுதிப் போட்டியையும் நடத்தி முடிப்பது இப்படிப்பட்ட ஊரவர்களே. இதனைப் பார்த்து றக்பி ரசிகர்கள் நகைக்கிறார்கள். நகைப்பதற்குக் காரணங்களும் இல்லாமலில்லை. 1998 ஓகஸ்டில் கிளெயருக்கும் ஒபலிக்கும் இடையிலான ஹேர்லிங் அரையிறுதி மறுபோட்டியில் மத்தியஸ்தர் இரண்டு நிமிடங்கள் முன்னதாகவே இறுதி விசிலை ஊதிவிட்டார். மூன்று புள்ளிகள் பின்தங்கியிருந்த ஒபலியின் ரசிகர்கள் குரோக் பார்க் புல்தரையில் அமர்ந்து எழும்ப மறுத்தனர். போட்டி மீண்டும் நடத்தப்பட்டது. ஒபலி அதில் வென்று, அவ்வருடக் கிண்ணத்தையும் கொண்டுபோனது.

லூத் மாவட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2010 ஜூலையில் லெயின்ஸ்டர் மாகாண உதைபந்தாட்ட இறுதிப் போட்டியின் கடைசிக் கணத்தில் மீத் அணி போட்ட கோல் விதிக்கு முரணானது. தனது தவறை மத்தியஸ்தரே அறிக்கையில் ஒப்புக்கொண்டார். ஆனால், மறுபோட்டிக்கு உத்தரவிடும் அதிகாரம் தனக்கு இல்லையென்று சங்கம் கைவிரித்தது. மீத் தரப்பும் முன்வரவில்லை. 1957 க்குப் பிறகு முதல் தடவையாகக் கிண்ணம் கைக்கு எட்டிய வேளையில் அது பறிபோனது. ரசிகர்கள் சிலர் மைதானத்துக்குள் பாய்ந்து மத்தியஸ்தரைத் தள்ளி மோதினர். பொலிஸார் சூழ்ந்தே அவரை வெளியே அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. லூத் அந்தக் கிண்ணத்தை வெல்வதற்கு 2025 வரை காத்திருந்தது. எதிரணி அதே மீத்.

றக்பி தரப்பினர் தமது மத்தியஸ்தர் மரியாதையை ஒரு பண்பாட்டுச் சொத்தாகவே காட்டுவார்கள். இரண்டு மீற்றர் உயரமுள்ள முரட்டு வீரர் தன்னில் பாதியளவான மத்தியஸ்தரை 'சேர்' என்று அழைப்பதைக் காணொளியாகப் பகிர்வார்கள். உண்மைதான், அழகான காட்சி. ஆனால், அந்த மரியாதையில் எவ்வளவு பண்பாடு, எவ்வளவு ஏற்பாடு என்பதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. உயர்மட்ட றக்பி மத்தியஸ்தர் முழுநேரத் தொழிலாளி. அவரது ஒலிவாங்கி வழியாக ஒவ்வொரு தீர்ப்பின் காரணத்தையும் ரசிகர் வீட்டிலிருந்தே கேட்கலாம். சந்தேகம் வந்தால் தொலைக்காட்சி மத்தியஸ்தர் மீளாய்வு செய்வார். வாய்காட்டினால் தண்டனை உதை பத்து மீற்றர் முன்னே போகும். 2024 ஜூலையில் நடைபெற்ற ஹேர்லிங் இறுதிப் போட்டியின் கடைசி வினாடிகளில் கோர்க் வீரரின் சட்டை கிழியும்படி இழுக்கப்பட்டும் விசில் ஊதப்படவில்லை. கிளெயர் ஒரு புள்ளியால் வென்றது. அந்த மத்தியஸ்தரிடம் மீளாய்வுத் திரையும் இருக்கவில்லை, தனது முடிவை விளக்குவதற்கு ஒலிவாங்கியும் இருக்கவில்லை. இந்த இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது.

அதுமட்டுமல்ல, அந்தச் சொத்தும் கரைந்துகொண்டிருக்கிறது. 2023 மே மாதம் டப்ளினில் நடைபெற்ற ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டியில் லெயின்ஸ்டர் ஒரு புள்ளியால் தோற்றதும், காயம் காரணமாக ஆடாதிருந்த ஜொனி செக்ஸ்டன் மைதானத்துக்குள் சென்று மத்தியஸ்தர்களுடன் மோதல் தொனியில் நடந்துகொண்டார். மூன்று போட்டித் தடை விதிக்கப்பட்டது. அவர் அயர்லாந்தின் தேசிய அணித் தலைவர்! அதே ஆண்டு ஒக்டோபரில் உலகக் கிண்ணக் காலிறுதியில் நியூசிலாந்திடம் 28 - 24 என்று அயர்லாந்து தோற்றபோது, மத்தியஸ்தர் வெய்ன் பார்ன்ஸைத் தூற்றியவர்களில் ஐரிஷ் ரசிகர்களும் இருந்தனர். அந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியை நடத்திவிட்டு ஓய்வு பெற்ற பார்ன்ஸ், தனது மனைவி பிள்ளைகளுக்கு விடுக்கப்பட்ட மிரட்டல்களைப் பற்றிப் பகிரங்கமாகவே பேசினார். அந்தப் போட்டியின் தொலைக்காட்சி மத்தியஸ்தரான டொம் ஃபோலியும் வசைமழை தாங்காமல் சர்வதேசப் போட்டிகளிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். ஒலிவாங்கியும் திரையும் சம்பளமும் இருந்தும் இந்த நிலைமை.

கேலிக் தரப்பு இதற்கு மாறான திசையில் ஓரடி வைத்திருக்கிறது. ஜிம் கவின் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 2025 ஆம் ஆண்டில் கேலிக் உதைபந்தாட்டத்தில் கொண்டுவரப்பட்ட விதிகளில், அணித்தலைவர் மாத்திரமே மத்தியஸ்தருடன் பேசலாம் என்பதும், எதிர்த்து வாதிட்டால் பந்து 50 மீற்றர் முன்னே கொண்டுசெல்லப்படும் என்பதும் அடங்கும். ஒரு காலத்தில் றக்பி பார்க்கப் போனவரை வெளியேற்றிய சங்கம், றக்பியின் வழக்கத்தை எடுத்து அதன் தண்டனையை ஐந்து மடங்காக்கியது! முதற் பருவத்திலேயே வீரர்கள் பந்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாங்கி ஓடக் கற்றுக்கொண்டார்கள். ஒரு தலைமுறைக் காலத்து அறிவுரைகளால் ஆகாததை இந்த 50 மீற்றர் செய்தது.

ஆனாலும், இந்த விதி எட்டாத இடமொன்று இருக்கிறது. 2022 ஓகஸ்டில் ரொஸ்கொமன் மாவட்டத்தில் மத்தியஸ்தர் ஒருவர் தாக்கப்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டது குரோக் பார்க்கில் நடந்த இறுதிப் போட்டியில் அல்ல; இளையோர் கழகப் போட்டியொன்றில். ஞாயிறு காலை, ஒரு மத்தியஸ்தர், நான்கு வெள்ளை அங்கிகள், வேலியோரம் பிள்ளைகளின் பெற்றோர். வேலிக்கு அப்பால் நின்று கத்தும் தந்தையை எந்த மத்தியஸ்தராலும் 50 மீற்றர் பின்னே அனுப்ப முடியாது. றக்பிக் கழகங்களின் வேலியோரத்திலும் அவர் நிற்கிறார் என்று டப்ளின் நண்பர் எழுதுகிறார்.