கச்சிபௌலியில் படிக்கும் பிள்ளை எந்த ஊர்ப் பிள்ளை?

தெலங்கானா மருத்துவக் கல்லூரிகளில் "உள்ளூர் மாணவர்" என்று யாரைச் சொல்வது என்ற நெடுநாள் தாவாவுக்கு சுப்ரீம் கோர்ட் 2025 செப்டம்பர் 1-ந் தேதி முடிவு சொல்லிவிட்டது. அன்றைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாயும் நீதிபதி வினோத் சந்திரனும் அடங்கிய பெஞ்ச், மாநில அரசு 2017-ல் போட்டு 2024 ஜூலையில் திருத்திய விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதற்கு மாறாக ஹைகோர்ட் கூறியிருந்த தீர்ப்பு ரத்தாயிற்று.

இது தெலங்கானாவுக்கும் ஆந்திராவுக்கும் உள்ள பங்காளிச் சண்டை, நமக்கென்ன என்று நம்மவர்கள் இருந்துவிடக்கூடும். அப்படி இருப்பது தவறு. இந்தத் தீர்ப்பு யாருக்குப் பாதகம், யாருக்குச் சாதகம் என்று கணக்குப் பார்த்தால், சாதகப் பட்டியலில் கச்சிபௌலியிலும் கொண்டாப்பூரிலும் செகந்திராபாத்திலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விஷயம் தெரியாமல் அந்தச் சாதகத்தைக் கைநழுவ விடுகிறவர்களும் அவர்களே.

விதி இதுதான். பிளஸ் டூ அல்லது இண்டர்மீடியட் தேர்வு எழுதும் வருஷத்தோடு முடியும் தொடர்ச்சியான நான்கு வருஷங்கள் ஒரு மாணவர் தெலங்கானாவில் உள்ள பள்ளி, கல்லூரிகளில் படித்திருக்க வேண்டும். அதாவது ஒன்பதாவது, பத்தாவது, இண்டரில் இரண்டு வருஷம். தேர்வையும் இங்கேயே எழுதித் தேறியிருக்க வேண்டும். தாய்மொழி என்ன, பாட்டனார் எந்த ஊர் என்று விதி கேட்கவில்லை. வழக்குக்குப் போனவர்கள் தமிழர்களோ வடக்கத்தியர்களோ அல்ல. இந்த மண்ணிலேயே பிறந்து, கோச்சிங்குக்காகவோ தகப்பனாரின் உத்தியோகத்துக்காகவோ வேறு மாநிலத்தில் இரண்டு வருஷம் படித்துத் திரும்பிய பிள்ளைகள். "நிரந்தரவாசிகளை வெளியூரார் என்று தள்ளக்கூடாது" என்று ஹைகோர்ட் அவர்களுக்கு இரங்கியது. நிரந்தரவாசி என்பதற்கு வரையறை எங்கே, அது குழப்பத்தைத்தானே வளர்க்கும் என்று சுப்ரீம் கோர்ட் கேட்டது.

ஆக, ஐந்து தலைமுறையாக வாரங்கல்லில் இருக்கும் வீட்டுப் பிள்ளை கோட்டாவில் பிளஸ் டூ படித்தால் வெளியூர். விழுப்புரம் பக்கத்திலிருந்து சென்ட்ரிங் வேலைக்கு வந்த மேஸ்திரியின் மகள், கச்சிபௌலியில் ஒன்பதாம் வகுப்பு முதல் படித்தால் உள்ளூர். நியாயமா என்பது வேறு விஷயம். சட்டம் இன்று அப்படித்தான் நிற்கிறது.

பாட்டி வீட்டுக்கு அனுப்புகிற பழக்கம்

இங்கேதான் நம் குடும்பங்களின் வழக்கம் குறுக்கே வருகிறது. அந்த மேஸ்திரி குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். பெண்ணுக்கு டாக்டராக வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது? கச்சிபௌலியில் அதற்குப் பஞ்சமில்லை. தகப்பன் சாரம் கட்டிப் பூசிய கட்டடங்களில் பாதி ஆஸ்பத்திரிகள். 2020 ஏப்ரலில், கொரோனா தொடங்கிய நாட்களில், விளையாட்டரங்க வளாகத்து அடுக்குமாடிக் கட்டடம் சில வாரங்களில் 'டிம்ஸ்' ஆஸ்பத்திரியாக மாறியதை இந்தப் பகுதிப் பிள்ளைகள் கண்ணெதிரே பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு ஒரு சித்தியோ அத்தையோ நர்ஸாகவோ ஆயாவாகவோ வேலை பார்க்கிறார்கள். ஊரில் தாத்தாவுக்குச் சர்க்கரை, டயாலிசிஸ் என்று மாதாமாதம் பணம் அனுப்புகிற வீட்டில், "நீ படிச்சு டாக்டராயிடு கண்ணு" என்ற பேச்சு வராமல் இருக்குமா?

ஆசையை ஊட்டுகிற அதே குடும்பம்தான், எட்டாவது முடிந்ததும் யோசிக்க ஆரம்பிக்கிறது. இங்கே தெலுங்கு கட்டாயம். 2018-ல் வந்த சட்டப்படி எந்தப் பள்ளியிலும் பத்தாவது வரை தெலுங்கு படித்தாக வேண்டும். பிள்ளை தமிழ் மறந்துவிடுமே என்று பாட்டி கவலைப்படுகிறாள். வயதுக்கு வந்த பெண்ணைத் தனியறை இல்லாத வாடகை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று தாய் கவலைப்படுகிறாள். நாமக்கல் பக்கம் நல்ல ஹாஸ்டல் பள்ளி இருக்கிறது, நீட்டுக்கும் அங்கேயே சொல்லித் தருகிறார்கள் என்று மாமா சொல்கிறார். ஒவ்வொன்றும் நியாயமான பேச்சு. மூன்றும் சேர்ந்து, பதினொன்றாம் வகுப்புக்கு டி.சி. வாங்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிடுகிறார்கள். அந்த டி.சி.யோடு தெலங்கானாவின் உள்ளூர் உரிமையும் போய்விடுகிறது.

சரி, தமிழ்நாட்டில் ஆகட்டும் என்றால், அங்கேயும் கதவு தானாகத் திறப்பதில்லை. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டில் படித்தாயா என்பதே முதல் கேள்வி. இடையில் சில வகுப்புகள் வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுக்காரர் பிறப்பிடச் சான்றிதழும் பெற்றோரின் ஆதாரங்களும் காட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் பத்துப் பதினைந்து வருஷமாக ஊரில் ரேஷன் கார்டே இல்லாத குடும்பம் அந்தக் காகிதங்களுக்குத் தாலுகா ஆபீஸில் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் சட்டம் போட்டுக் கொடுத்த 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறாவது முதல் அங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. பதினொன்றில் போய்ச் சேர்ந்தவருக்கு இல்லை. ஒரே பிள்ளை இரண்டு மாநிலத்திலும் உரிமை கொண்டாடவும் முடியாது.

இந்த விதியில் ஒரு வஞ்சகம் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தெலங்கானா அரசு ஊழியர், அகில இந்திய சர்வீஸ் அதிகாரி, ராணுவத்தார் போன்றோர் வெளியூர் மாற்றலில் போனால் அவர்கள் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. தனியார் கம்பெனியில் கணக்கு எழுதும் குமாஸ்தாவை இரண்டு வருஷம் புனாவுக்கு மாற்றினால் அவர் பிள்ளைக்கு எந்த விலக்கும் இல்லை. மாற்றல் உத்தரவை மறுத்தால் வேலை போகும். ஏற்றால் பிள்ளையின் நான்கு வருஷக் கணக்கு அறுபடும். குடும்பத்தை இங்கே விட்டுத் தாம் மட்டும் போவதைத் தவிர அவருக்கு வழியில்லை. இதைப் பற்றி யாரும் பேசியதாகக் காணோம்.

ஊரிலேயே நின்றுவிடும் சான்றிதழ்

உள்ளூர் ஆகிவிட்டால் எல்லாம் ஆயிற்றா? இல்லை. இட ஒதுக்கீட்டுச் சான்றிதழ் நம்மோடு ரயில் ஏறி வருவதில்லை.

இதற்கு முன்மாதிரியான வழக்கில் சம்பந்தப்பட்டவரும் ஒரு மருத்துவ மாணவர்தான். மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று பெயர். ஆந்திராவில் தெனாலியைச் சேர்ந்த பழங்குடிக் குடும்பம். தகப்பனாருக்குப் பம்பாயில் பொதுத்துறை உர நிறுவனத்தில் பழங்குடி ஒதுக்கீட்டில் வேலை. ஒன்பது வயதில் அங்கே போன பையன் அங்கேயே படித்து எம்.பி.பி.எஸ்.ஸுக்கு விண்ணப்பித்தார். அவர் சாதி மகாராஷ்டிரப் பட்டியலில் இல்லை என்று இடம் மறுக்கப்பட்டது. தகப்பனுக்கு வேலை கொடுத்த அதே சான்றிதழ் மகனுக்கு இடம் கொடுக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் 1990 மே 2-ந் தேதி, ஒரு சமூகம் எந்த மாநிலம் சம்பந்தமாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டதோ அந்த மாநிலத்தில்தான் சலுகை என்று சொன்னார்கள். பிழைப்புக்காக இடம்பெயர்வோரின் பிள்ளைகள் படும் கஷ்டத்தைச் சட்டசபைகளும் பார்லிமெண்டும் கவனிக்கலாம் என்றும் குறிப்பிட்டார்கள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கஷ்டம் அப்படியே இருக்கிறது.

எனவே ஊரில் பிற்பட்டோர், மிகப் பிற்பட்டோர், ஆதிதிராவிடர் என்று சலுகை பெறும் குடும்பத்துப் பிள்ளை, தெலங்கானா இடங்களில் உள்ளூராக இருந்தும் பொதுப் போட்டியிலேயே நிற்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர் பட்டியல் அறிவிக்கப்பட்ட 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே முன்னோர் இங்கே குடியேறியிருந்தால் கதை வேறு. பழைய கண்டோன்மெண்ட் குடும்பங்கள் சில இதை நிரூபிக்கக்கூடும்.

சான்றிதழ் எங்கே செல்லுபடியாகும் என்று தெரிந்துகொள்வதுதான் காரியம். 1984-ல் பிரதீப் ஜெயின் வழக்கில் சுப்ரீம் கோர்ட், மருத்துவ இடங்கள் முழுவதையும் அந்தந்த மாநிலத்தாருக்கே பூட்டி வைக்கக் கூடாது என்று சொன்னதிலிருந்து பிறந்தது அகில இந்திய ஒதுக்கீடு. 1986 முதல் அது அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம். அதிலும், பீபிநகரில் 2019-ல் தொடங்கிய எய்ம்ஸ் போன்ற மத்திய கல்லூரிகளிலும் தமிழ்நாட்டுச் சமூகத்தின் சான்று செல்லும். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் தகப்பனாரின் சொந்த ஊர்ச் சான்றிதழைக் காட்டி, இங்குள்ள அதிகாரியிடமே இடம்பெயர்ந்தோருக்கான படிவத்தில் சான்று பெற வழி உண்டு. பல ஆபீஸ்களில் குமாஸ்தாவுக்கே இது தெரியாது. பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

தொழிலாளர் குடும்பங்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. அது ஈ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்குப் பிடித்தம் செய்கிற அந்த ஈ.எஸ்.ஐ.யேதான். சனத்நகரிலும் சென்னை கே.கே. நகரிலும் அது மருத்துவக் கல்லூரிகள் நடத்துகிறது. அவற்றில் காப்பீடு பெற்ற தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே தனி இடங்கள் உண்டு. அவை நாடு முழுவதற்கும் பொதுவானவை. எந்த மாநிலத்துப் பிள்ளை என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. நீட் எழுத வேண்டும். சந்தா எத்தனை காலம் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். காண்டிராக்டர் அடிக்கடி பெயரை நீக்கிப் புது நம்பர் போடுகிற வேலைத்தலங்களில் இந்தக் கணக்குத்தான் அடிபட்டுப் போகிறது. மருந்து வாங்க மட்டுமே ஈ.எஸ்.ஐ. என்று நினைத்திருந்தவர்கள் தங்கள் நம்பர் ஒன்றேதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஆறு அம்சமும் கச்சிபௌலியும்

இந்த நான்கு வருஷக் கணக்கு இன்று நேற்று வந்ததல்ல. நிஜாம் காலத்து முல்கி விதிகள் பதினைந்து வருஷம் குடியிருந்தால்தான் உள்ளூரான் என்றன. அதைச் சுற்றி 1969-ல் தெலங்கானாவிலும், 1972-ல் சுப்ரீம் கோர்ட் அந்த விதிகள் செல்லும் என்ற பிறகு ஆந்திரப் பகுதியிலும் நடந்த கிளர்ச்சிகளை இங்கே வெகுநாள் இருக்கும் நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சமாதானமாக 1973 செப்டம்பரில் வந்தது ஆறு அம்சத் திட்டம். அரசியல் சட்டத்தில் 371-டி பிரிவு சேர்ந்தது. 1974 ஜனாதிபதி உத்தரவு, கல்லூரி இடங்களில் 85 சதவீதம் உள்ளூராருக்கு என்று வகுத்தது. நான்கு வருஷப் படிப்பு என்ற அளவுகோலும் அதில்தான் வந்தது.

அதே ஆறு அம்சத்தில் ஒன்று, ஹைதராபாத்தில் ஒரு மத்திய பல்கலைக் கழகம். 1974-ல் அது தொடங்கியபோது இடமில்லாமல் அபிட்ஸில் சரோஜினி நாயுடுவின் 'கோல்டன் த்ரெஷோல்ட்' வீட்டில் நடந்தது. அவர் கணவர் கோவிந்தராஜுலு நாயுடு நிஜாம் சர்க்காரில் டாக்டர். ஆக முதலில் அது ஒரு டாக்டர் வீடு. பின்னர் பல்கலைக் கழகம் குடியேறிய இடம்தான் கச்சிபௌலி. 2025 ஏப்ரலில் அதை ஒட்டிய 400 ஏக்கரில் மரம் வெட்டுவதைச் சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வைத்தபோது ஊர் பெயர் நாடெங்கும் அடிபட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளூர்–வெளியூர் என்று கோடு கிழித்த அதே உடன்பாடுதான், அந்தக் கோடு செல்லாத ஒரு வளாகத்தையும் கச்சிபௌலியில் வைத்தது. அங்கே மருத்துவ அறிவியல் துறையில் கண்பார்வைப் பரிசோதனை பற்றிய ஆப்டோமெட்ரி படிப்பும், பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பும் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்த பிள்ளை ஆப்டோமெட்ரியில் சேரலாம். மத்தியப் பல்கலைக் கழகம் என்பதால் தமிழ்நாட்டுச் சான்றிதழும் செல்லும். அந்த வளாகத்துக் கேட்டைத் தாண்டித் தினம் வேலைக்குப் போகும் எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்?

மருத்துவம் என்றால் எம்.பி.பி.எஸ். ஒன்றுதான் என்று பிடிவாதம் பிடிப்பதும் வீட்டாரின் செல்வாக்கில் ஒரு பகுதியே. நீட்டில் மார்க் போதாமல் போனால், சிலர் நிலத்தை விற்று மானேஜ்மெண்ட் இடத்துக்கு லட்சக்கணக்கில் கட்டுகிறார்கள், அல்லது இரண்டு மூன்று வருஷம் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்கிறார்கள். பஞ்சாகுட்டா நிம்ஸில் நர்சிங்கும் பிசியோதெரபியும் படித்து, கச்சிபௌலி ஆஸ்பத்திரிகளிலேயே வேலைக்குப் போகலாம் என்றால் "நர்ஸா?" என்று முகம் சுளிக்கிறார்கள். சித்தியின் நர்ஸ் சம்பளத்தில் படித்த வீட்டில் இந்தச் சுளிப்பு எப்படி வந்தது என்று எனக்கு விளங்கியதில்லை.

குடும்பம் ஒரு பிள்ளையை வைத்தியத்தின் பக்கம் தள்ளுவது புதிதல்ல. புதுக்கோட்டையில் கல்லூரி முதல்வராக இருந்த தகப்பனார் முன்னின்று படிக்க வைத்ததால் டாக்டரானார் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் முடிந்தது. அவருக்குத் தடையாக நின்றது பெண் என்பது. நம் வீட்டுப் பெண்ணுக்குத் தடையாக நிற்கப்போவது ஒரு டி.சி.யாக இருக்கலாம்.

எட்டாவது முடிக்கப்போகும் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஜூனுக்கு முன்பே இதைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். தமிழுக்காகவோ வேறு காரணத்துக்காகவோ ஊருக்கு அனுப்புவதென்றால் இப்போதே அனுப்பி, தமிழ்நாட்டுச் சான்றுகளைச் சேகரிக்கத் தொடங்கலாம். இங்கே வைத்துக்கொள்வதென்றால் ஒன்பதாவது முதல் ஒவ்வொரு வருஷமும் பள்ளியில் படிப்புச் சான்றிதழ் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். வாடகை வீடு மாறும்போது பள்ளி மாறினாலும் இடையில் வருஷம் விடுபடக் கூடாது. கவுன்சலிங் நடத்தும் வாரங்கல் காளோஜி நாராயணராவ் சுகாதாரப் பல்கலைக் கழகத்தார் கேட்கும் காகிதம் அதுவே. ஈ.எஸ்.ஐ. கார்டில் பிள்ளையின் பெயரும் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரும் ஒரே மாதிரி, இனிஷியல் உட்பட, எழுதப்பட்டிருக்கிறதா என்றும் அன்றே பார்த்துவிடலாம்.