பட்டியல் மோகம்

ஜனவரித் திங்களில் சென்னைப் புத்தகக் கண்காட்சி நெருங்கினால் போதும். "தமிழின் தலைசிறந்த நூறு நூல்கள்" என்றொரு பட்டியல் எங்கிருந்தோ புறப்பட்டு வந்துவிடுகிறது. அதனைக் கையிலேந்தி நூல் வாங்கச் செல்லும் நம் பிள்ளைகளைக் கண்டு நாம் வருந்துகிறோம். நூலின் தரத்தைவிட, தொகுத்தவரின் பார்வை எட்டிய தூரத்தையே பட்டியல் காட்டுகிறது.

திருப்பனந்தாளில் வாழும் நமக்கு அண்டை நகரமான கும்பகோணத்திலேயே இதற்குச் சான்றுண்டு. 1880இல் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரிடம் உ.வே. சாமிநாதையர் தாம் கற்ற அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ்களையெல்லாம் வரிசையாக எடுத்துரைத்தார். முதலியார் அசையவில்லை, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவருக்கே அது பாடமாகியிருக்கவில்லை! அக்காலப் புலவர்களின் பாட வரிசையில் அதற்கு இடமில்லை, அவ்வளவே. ஏழாண்டு உழைத்து 1887இல் ஐயரவர்கள் அதனை அச்சேற்றினார்கள்.

நாவல் பட்டியல்களை நோக்குங்கள். 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம். அங்கிருந்து ஒரே தாவலில் கமலாம்பாள் சரித்திரம். இடையே 1885இல் கண்டி சித்திலெப்பை எழுதிய அசன்பே சரித்திரம் எங்கே போயிற்று? நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் வெளியிட்ட 'காதலா கடமையா' நூலை அதே சாமிநாதையர் பாராட்டி எழுதினார். பட்டியலிடுவோரில் எத்தனை பேர் அதனைக் கண்ணாலேனும் கண்டிருப்பர்?

பட்டியலே ஆகாதென்பது நம் கட்சியன்று. பக்தாதின் இப்னு நதீம் ஹிஜ்ரி 377இல் 'அல்ஃபிஹ்ரிஸ்த்' தொகுத்தார். நூல் வாணிபத்தில் பழகிய அவர், முதலிடம் இரண்டாமிடமென்று மதிப்பெண் போடவில்லை. அரபு மொழியில் தாம் அறிந்த நூல்களை ஆசிரியர் பெயருடன் துறைவாரியாகப் பதிந்தார். பின்னர் அழிந்துபோன எத்தனையோ நூல்களின் பெயரேனும் இன்று எஞ்சியிருப்பது அதனாலேயே.

ஆனால் பிறரை ஏசுமுன் நம் வீட்டைப் பார்ப்போம். உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்டது. ஒரு படலத்தையேனும் முழுதாக ஓதியவர் நம் மஹல்லாவில் எத்தனை பேர்? பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள், பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போனவை போக, பரணில் செல்லரித்துக் கிடக்கின்றன. இம்மாதமே அவற்றை இறக்கித் துடையுங்கள். நூற்பெயர், ஆசிரியர், அச்சகம், ஆண்டு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதல் ஏடு கிழிந்திருந்தால் கடைசி ஏட்டைப் புரட்டுங்கள். சில வேளை அங்கே இருக்கும்.