காலம் தேர்ந்ததா, கடை தேர்ந்ததா?

காலமே தலைசிறந்த விமரிசகன் என்பது நெடுநாளாக நம்மிடையே வழங்கிவரும் ஒரு வாய்பாடு. நல்லது நிலைக்கும், அல்லாதது அழியும், ஆகவே நிலைத்திருப்பதெல்லாம் நல்லதே என்று அதனை ஓதுவோர் முடிவுகட்டுவர். இவ்வாய்பாட்டின் பொய்ம்மையை அறிய ஐரோப்பிய சங்கீதத்தின் ஒரு துறையை எடுத்துக்கொள்வோம். ரொமான்டிக் யுகம் எனப்படும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, பியானோ ஒருபுறமும் வாத்தியக் குழு மறுபுறமுமாக வாதிட்டும் இணைந்தும் செல்லும் ‘கொன்சேர்ட்டோ’ என்னும் இசைவடிவம் ஐரோப்பிய நகரங்களிலே பெருவழக்காயிருந்தது. நூற்றுக்கணக்கானவை இயற்றப்பட்டன. ஆயின் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இசைத்தட்டுக் கடைக்குச் சென்றவருக்குக் கிடைத்தவையோ பெரும்பாலும் சொப்பின், ஷூமன், லிஸ்ட், கிறீக், பிராம்ஸ், சைக்கோவ்ஸ்கி முதலிய சிலரின் படைப்புகளே. எஞ்சியவற்றைக் காலம் கழித்துவிட்டது என்றனர். கழித்தது காலமன்று, கடை.

இசைத்தட்டின் வரலாறே இதற்குச் சான்று. நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பழைய தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடமளவே ஓடும். 1868 இல் கிறீக் இயற்றிய கொன்சேர்ட்டோவை 1909 இல் வில்ஹெல்ம் பக்ஹவுஸ் முதன்முதலாகப் பதிவுசெய்தபோது, அரைமணி நேரப் படைப்பை வெட்டிக் குறுக்கிச் சில நிமிடங்களுள் அடக்க நேர்ந்தது. பின்னர் முழுப் படைப்புகளும் பதிவாகத் தொடங்கியபோது, ஒரு கொன்சேர்ட்டோவுக்கே நான்கைந்து தட்டுகள் வேண்டியிருந்தன. பியானோக் கலைஞருக்கும், நடத்துநருக்கும், பல பத்து வாத்தியக்காரருக்கும் ஊதியம் கொடுத்த கம்பனி, விலைபோகுமென்று முன்னரே தெரிந்ததையே தெரிவுசெய்தது. தெரிவுசெய்யப்பட்டது மேலும் பிரபலமாயிற்று. பிரபலமானதையே அடுத்த கம்பனியும் பதிவுசெய்தது. 1948 இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேரத் தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் அடங்கிற்று. தொழில்நுட்பத் தடை நீங்கியது. இலாபத் தடை நீங்கவில்லை.

சைக்கோவ்ஸ்கியின் முதலாவது கொன்சேர்ட்டோவின் கதையை நோக்குக. 1874 டிசெம்பரிலே மொஸ்கோ இசைக் கல்லூரியின் அதிபர் நிக்கொலாய் ரூபின்ஸ்ரைன் அதனைக் கேட்டுவிட்டு, பெறுமதியற்றதென்றும் வாசிக்கத் தகாததென்றும் இகழ்ந்தார். அடுத்த ஆண்டு அது அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே ஹன்ஸ் ஃபொன் பியூலோ என்னும் கலைஞரின் கைகளில் அரங்கேறியது. இகழ்ந்த ரூபின்ஸ்ரைனும் பின்னாளில் அதனை வாசித்தார். பியூலோ போன்ற ஒருவர் கைகொடாத படைப்புகள் எத்தனை? 1958 இல் மொஸ்கோவில் நடந்த முதலாவது சைக்கோவ்ஸ்கிப் போட்டியிலே 23 வயது அமெரிக்கரான வான் கிளைபேர்ண் வென்றார். சோவியத் தலைநகர் வழங்கிய பரிசை அமெரிக்க முதலாளித்துவம் உடனே சரக்காக்கிற்று. நியூயோர்க் வீதியிலே காகிதமழை பொழிய ஊர்வலம் நடந்தது. கொன்டிறாஷின் நடத்த ஆர்.சி.ஏ. கம்பனி பதிவுசெய்த அதே கொன்சேர்ட்டோ பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. செவ்வியல் இசையின் நெடுநேரத் தட்டொன்று அத்தொகையை எட்டியது அதுவே முதன்முறை. படைப்பு உயர்ந்ததே, அதிலே எமக்கு மாறுபாடில்லை. ஆனால் அவ்விற்பனையைத் தரத்துக்குச் சான்றாகக் காட்டுவோர், கெடுபிடி யுத்தத்தின் விளம்பரத்தையும் அழகியலென மயங்குகின்றனர்.

கடையின் தராசு வர்க்கச் சார்பு மட்டும் உடையதன்று. 1835 நவம்பரிலே லைப்சிக் நகரில், மெண்டல்சோன் நடத்த, பதினாறு வயதுக் கிளாரா வீக் தாம் இயற்றிய கொன்சேர்ட்டோவைத் தாமே அரங்கேற்றினார். அதன் நடுப்பகுதியிலே வாத்தியக் குழு முழுதும் அடங்கிவிட, பியானோவும் தனியொரு செல்லோவும் உரையாடுகின்றன. நான்காண்டுகளின் பின் அதே கிளாரா, பெண்ணொருத்தி இசை இயற்ற விரும்புதல் தகாது எனத் தமது நாட்குறிப்பிலே எழுதும் நிலைக்கு வந்தார். அவரை அவ்வாறு எண்ணவைத்தது எந்தச் சமுதாயம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கணவர் றொபேர்ட் ஷூமனின் கொன்சேர்ட்டோவை 1845 இல் அரங்கேற்றியவரும் அவரே. கணவரின் படைப்பு எண்ணிறந்த தட்டுகளில் வெளிவந்தது. மனைவியின் படைப்பைப் பரவலாகக் கேட்கச் செய்த முயற்சிகள் 1970களிலேதான் தொடங்கின. 1900 இல் பொஸ்ரன் வாத்தியக் குழுவுடன் தமது கொன்சேர்ட்டோவைத் தாமே வாசித்த அமெரிக்கர் ஏமி பீச்சும் 1970கள் வரை காத்திருக்க நேர்ந்தது. இவர்களைக் காலம் கேட்டு நிராகரிக்கவில்லை. காலத்தின் காதுக்கு இவர்கள் எட்டவேயில்லை.

மறக்கப்பட்டவை பதிவானபோதும் நியாயம் கிட்டிற்றா? 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் மைக்கேல் பொன்ரி என்னும் பியானோக் கலைஞர் வொக்ஸ் நிறுவனத்துக்காக இத்தகைய படைப்புகளை வரிசையாகப் பதிவுசெய்தார். மலிவுத் தட்டுகள், சிக்கனமான ஏற்பாடு, போதிய ஒத்திகையற்ற வாத்தியக் குழுக்கள். வாசிப்பிலே குறை தெரிந்தபோது, படைப்பே குறையுடையதென்று சொல்லுதல் எளிதாயிற்று. பட்டினி கிடந்தவனை ஓடவிட்டு, அவன் தோற்றதும் இயல்பிலேயே நோயாளி என்று கூறுவது போன்றது இது.

இங்கு இருவகை ஆட்சேபங்கள் எழலாம். மறக்கப்பட்டவையெல்லாம் மாணிக்கங்களா என்பர் தூய கலைவாதிகள். அல்ல. பாரிஸ் நகரத்துச் செல்வர் கூடங்களிலே விரல்வித்தை காட்டுவதற்கென்றே பல இயற்றப்பட்டன. ஆயினும் கேட்டபின் தள்ளுவது விமரிசனம். கேளாமலே தள்ளுவது அதிகாரம். பூர்ஷ்வாக்களின் பொழுதுபோக்கைப் பற்றி முற்போக்காளருக்கு என்ன கவலை என்பர் நம்மவருட் சிலர். மனிதகுலத்தின் உழைப்பிலே விளைந்த கலைச்செல்வம் அனைத்துக்கும் உழைப்பாளியே உரிமையாளன் என்பதை மறந்த பேச்சு இது. செல்வத்தை அபகரித்தவனிடமே அதை மதிப்பிடும் உரிமையையும் விட்டுவிடுவது புரட்சியாகாது.

மாற்று வழி இல்லாமற் போகவில்லை. 1980 இல் ரெட் பெரி என்பவர் தொடங்கிய ஹைப்பீரியன் என்னும் சிறு ஆங்கில நிறுவனம், 1991 முதல் ரொமான்டிக் யுகத்துப் பியானோக் கொன்சேர்ட்டோக்களை ஒரு வரிசையாக வெளியிட்டது. மொஷ்கோவ்ஸ்கி, படெரெவ்ஸ்கி ஆகியோரின் படைப்புகளுடன் தொடங்கிய அவ்வரிசை எண்பது தட்டுகளைக் கடந்தது. அவற்றிற் பலவற்றிலே வாசித்தது பி.பி.சி. ஸ்கொட்டிஷ் வாத்தியக் குழு. மக்கள் செலுத்தும் தொலைக்காட்சிக் கட்டணத்தால் வாழும் குழு அது. பெருஞ்சந்தை செய்ய மறுத்ததை ஒரு சிறு நிறுவனமும் பொதுப்பணமும் சேர்ந்து செய்தன என்பதே இதன் பாடம்.

ஆனால் 2023 மார்ச்சில் நடந்தவற்றையும் கருதவேண்டும். அம்மாதத்திலே ஹைப்பீரியன், உலகின் மிகப்பெரும் இசைக் கம்பனியான யூனிவர்சலின் உடைமையாயிற்று. அதே மாதத்தில் பி.பி.சி. தனது பாடகர் குழுவை மூடவும், இங்கிலாந்திலுள்ள தனது வாத்தியக் குழுக்களிலே ஐந்திலொரு பங்கு பதவிகளைக் குறைக்கவும் போவதாக அறிவித்தது. கலைஞரும் பொதுமக்களும் கிளர்ந்தெழவே, மூடும் முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. அக்கிளர்ச்சி எழாதிருந்தால், அக்குழுவையும் காலமே கழித்தது என்று நாளை எழுதியிருப்பர்.

ஆசிரியர்களே, மாணவர்களே! ‘காலத்தை வென்றது’ என்னும் தொடர் இசையிலாயினும் இலக்கியத்திலாயினும் நம் முன் வரும்போது, அதனைப் பதித்தவர் யார், பணம் கொடுத்தவர் யார், பதிக்கப்படாது கிடப்பது எது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புவோமாக. விடை கிடைத்தபின் புகழ்வதும் இகழ்வதும் நம் உரிமை. அதுவரை, வென்றது காலத்தையா, போட்டியாளரையா என்பது தீராத வழக்கே.