இனிப்பு ஆவியாகுமா?



சங்கராபுரம் பக்கத்திலிருந்து ஒரு சிறுமி அஞ்சலட்டையில் கேட்டிருக்கிறாள்: "கருப்பஞ்சாறு காய்ச்சும்போது அவ்வளவு ஆவி போகுதே, அதோட இனிப்பும் போயிடாதா?"

போகாது கண்ணு. மேலே போவது தண்ணீர்தான். சாற்றில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். சர்க்கரை ஆவியாகாது, சூடு மிஞ்சினால் கருகும், அவ்வளவே.

கொப்பரை பக்கம் நின்று பார்த்தால் ஒன்று புரியும். கொதி வந்தபின் சக்கையை எவ்வளவு தள்ளி எரித்தாலும் சாற்றின் சூடு 100 டிகிரியை ஒட்டியே வெகுநேரம் நிற்கும். வெப்பம் முழுக்கத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. சாதாரண நீரைக் கொதிக்கவைக்க ஆகும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல், அதை ஆவியாக்க வேண்டும்! தண்ணீர் வற்ற வற்றத்தான் சூடு ஏறும். 118 டிகிரி வாக்கில் பாகு பதம். பாகு காய்ச்சுபவரிடம் தெர்மாமீட்டர் கிடையாது. குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டால் இறக்கு. 100 கிலோ கரும்புக்குக் கையில் நிற்பது சுமார் 10 கிலோ வெல்லம்.

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் போன்ற இடங்களின் பெரிய சர்க்கரை ஆலைகளில் இப்படிக் காய்ச்சுவதில்லை. கலனுக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்து, 70 டிகிரிக்குள்ளேயே பாகைக் கொதிக்கவைக்கிறார்கள். கருகாமல் வெள்ளைச் சீனி விளைகிறது. 1813-ல் எட்வர்ட் சார்லஸ் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் கண்ட வழி. கல்வராயன் மலை இதையே சிறிய அளவில் செய்கிறது: 900 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேலே சோறு வேகச் சற்று நேரமாவது அதனால்தான்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஆவியைப் பற்றிப் பேசிவிட்டுச் சாராயத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அங்கே நேர்மாறு, வேண்டியது ஆவியில் போய், குளிர்ந்து சொட்டுகிறது. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், மெத்தனால் 65-ல். ஆனால் இரண்டும் கலந்துவிட்டால் அடுப்பில் ஒன்றாகவே எழும். காய்ச்சி விஷத்தை எடுத்துவிடலாம் என்பது வீண் நம்பிக்கை. பார்வைக்கும் மூக்குக்கும் வித்தியாசம் தெரியாது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொதிநிலைப் பாடத்தில் 100-ஐ எழுதும்போது, பக்கத்திலேயே 65, 78 என்ற எண்களையும் எழுதிப்போடுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அதையும் எங்களுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்