ஒரே மலைச்சரிவு போதும்

தென் அமெரிக்காவுக்குப் பறவை பார்க்கப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பலர், பயணக் கம்பெனிகளின் கட்டணத்தைப் பார்த்ததும் அந்த ஆசையை விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்குப் பல ஆயிரம் டாலர் கேட்பார்கள். விமான டிக்கெட் அதில் சேராது. இத்தனை பணமும் பறவைக்காகப் போவதில்லை. இரண்டு நாளுக்கு ஓர் ஊர், தனி வண்டி, கூடவே வரும் வெளிநாட்டு வழிகாட்டி, காட்டுக்குள் சொகுசு விடுதி என்று போகிறது. ஓரிடத்தில் தங்கி நிதானமாகப் பார்க்க மனமிருந்தால் செலவு வெகுவாகக் குறையும். அப்படித் தங்க ஈக்வடாரைவிடப் பொருத்தமான நாடு எனக்குத் தெரியவில்லை.

“அக்கா, கொலம்பியாதானே பறவையில முதலிடம்? அங்கயே போகலாமே” என்று எங்கள் பறவைக் குழுவில் ஒரு தம்பி கேட்டான். உண்மைதான். கொலம்பியாவில் 1,900-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இருக்கின்றன. ஆனால் அது பெரிய நாடு. மூன்று மலைத்தொடர்களுக்கு நடுவே ஊர் மாறி ஊர் போவதிலேயே நாளும் பணமும் கரைந்துவிடும். ஈக்வடார் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குதான். அதற்குள் 1,600 இனங்களுக்கு மேல். இந்தியா முழுக்கச் சுற்றினாலும் நம் பட்டியல் 1,400-ஐத் தாண்டாது.

எல்லாம் ஆந்தீஸ் மலையால் வருவது. உயரம் மாற மாற மரம் மாறுகிறது, மரத்தோடு பறவையும் மாறுகிறது. 1802-இல் ஈக்வடாரின் சிம்பொராசோ மலையில் ஏறிய இயற்கையியலாளர் ஹம்போல்ட், எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறது என்று படமே வரைந்து வைத்தார். நமக்கு அது பயணத் திட்டம். தலைநகர் கித்தோ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் மேற்குச் சரிவில் உள்ள மிண்டோ என்ற சிற்றூர் சுமார் 1,250 மீட்டரில். இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம், மூன்று நான்கு டாலர் டிக்கெட். அந்த இறக்கத்துக்குள்ளேயே காடு பலமுறை உருமாறிவிடுகிறது.

கித்தோவில் முதல் நாள் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். ஊட்டியைவிட 600 மீட்டர் உயரம் அது. மூச்சு வாங்கும், தலை வலிக்கும். மறுநாள் இருவர் மூவர் சேர்ந்து டாக்சி பேசிக்கொண்டு யானகோச்சா காப்பகத்துக்குப் போகலாம். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த பனிமூட்டக் காடு. ஜொகொடோகோ அறக்கட்டளை நடத்துவது. அங்கே சர்க்கரைத் தண்ணீர் வைத்த ஃபீடர்களுக்கு வாளலகு ரீங்காரச்சிட்டு வரும். வாலை விட்டுவிட்டுப் பார்த்தால் உடலைவிட அலகு நீளமான பறவை அது. உட்காரும்போது பாரம் தாங்காமலோ என்னவோ அலகை வானத்தைப் பார்த்து நிமிர்த்தியே வைத்திருக்கும். அந்த அலகால் தன் இறகைக் கோத முடியாது; காலால்தான் சொறிந்து சீர்செய்துகொள்கிறது.

மிண்டோவில் சாதாரண விடுதி எடுத்துக்கொண்டால் விடியற்காலையில் ஊர்ச் சாலையில் நடந்தே டூக்கன்களையும் ட்ரோகன்களையும் பார்க்கலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. அருகிலிருக்கும் மில்பே காப்பகத்துக்கு மட்டும் ஒரு காலை ஒதுக்குங்கள். குண்டாந்தடி இறகு மனாக்கின் என்ற சிறு பறவையின் ஆண், பெட்டையை அழைக்கத் தொண்டையைப் பயன்படுத்துவதில்லை. இரண்டு சிறகையும் முதுகுக்கு மேல் தூக்கி, வளைந்த ஓர் இறகுத்தண்டால் பக்கத்து இறகின் வரிமேடுகளை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் உரசி வயலின் போல ஒலி எழுப்புகிறது. இதற்காகவே அதன் சிறகெலும்பு கெட்டியாக இருக்கிறது. பெரும்பாலான பறவைகளுக்கு அந்த எலும்பு உள்ளீடற்றது.

இந்தச் சரிவில்தான் ஏஞ்சல் பாஸ் என்ற விவசாயியின் நிலமும் இருக்கிறது. காட்டை வெட்டிப் பிழைத்த குடும்பம். தன் நிலத்தில் பாறைச்சேவல் என்ற பறவைகள் கூடி ஆடும் இடத்தைக் கண்டவர், அதைக் காட்டக் கட்டணம் வாங்கத் தொடங்கினார். அந்தப் பாதையிலேயே பேருருவ ஆன்ட்பிட்டாவைப் பார்த்தார். பெயரில் பிட்டா இருந்தாலும் நம் ஊர்ப் பிட்டாவான ஆறுமணிக் குருவிக்கு உறவில்லை. ஆனால் அதைப் போலவே தரையில் தாவித் திரியும். காட்டின் இருட்டைவிட்டு வெளியே வராது என்று பேர்போன அந்தப் பறவைக்கு மண்புழு கொடுத்துப் பொறுமையாகப் பழக்கினார். மரியா என்று பெயர் வைத்துக் கூப்பிட்டார், வந்தது. அதைப் பார்க்க உலகமெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள், காடு நின்றது.

அதனால்தான் சொல்கிறேன்: சிக்கனத்தை வண்டியிலும் விடுதியிலும் காட்டுங்கள். உள்ளூர் வழிகாட்டியின் கூலியிலும் நுழைவுக் கட்டணத்திலும் பேரம் பேசாதீர்கள். அந்த டாலர்தான் மரத்தை நிற்க வைக்கிறது. வழிகாட்டி எல்லா நாளும் வேண்டாம், இரண்டு மூன்று நாள் போதும். மற்ற நாளுக்கு இபேர்ட் தளமும் மெர்லின் செயலியும் இருக்கின்றன, இரண்டும் இலவசம். கித்தோவும் மிண்டோவும் இருக்கும் பிச்சிஞ்சா மாகாணத்தில் எந்த வாரம் எந்தப் பறவை தெரியும் என்று இபேர்ட் பட்டை வரைபடமாகவே காட்டும். மாலை நேரங்களில் அதை வைத்துக்கொண்டு படித்துவிட்டுப் போனால் அங்கே தடுமாற்றம் பாதி குறையும்.

அவ்வளவு தூரம் போகிறோமே, கலாபகஸ் தீவுகளையும் சேர்த்துக்கொள்ளலாமா என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். தனி விமானச் செலவு ஒருபுறமிருக்க, 2024 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் மட்டுமே 200 டாலர். அந்தப் பணத்தில் மிண்டோவில் இன்னும் பல நாள் இருந்துவிடலாம்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பக் கூடாது. 2024 ஜனவரியில் ஈக்வடார் அரசு போதைக் கும்பல்களுக்கு எதிராக உள்நாட்டு ஆயுத மோதலை அறிவித்தது. வன்முறை அதிகம் கடற்கரை மாகாணங்களில்தான். குவாயாகில், எஸ்மெரால்டாஸ் பக்கம் போகாமல், இரவுப் பேருந்தில் ஏறாமல், கித்தோவுக்கும் மிண்டோவுக்கும் நடுவிலேயே இருந்துகொள்வது நல்லது. டிக்கெட் எடுப்பதற்கு முன் அன்றைய நிலவரத்தையும் விசா விதியையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்குக்கூட அந்நாட்டு விசா வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்கக் கூடாது. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லுபடியாகும். சான்று இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

எப்போது போவது என்பதில்தான் எங்கள் குழுவில் இன்னும் வாக்குவாதம். மேற்குச் சரிவில் டிசம்பர் முதல் மே வரை நல்ல மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாதை காய்ந்திருக்கும். தம்பி ஜூலை என்கிறான். நான் டிசம்பர் தொடக்கத்தைச் சொல்கிறேன்: பெரும்பாலும் காலையில் வெயில், மதியத்துக்குமேல் மழை, ஃபீடர் அருகே கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கலாம்.