கடலடிக் கிணற்றின் வரத்து

மன்னார்க் கடலில் 2011ஆம் ஆண்டு கெயர்ன் லங்கா நிறுவனம் துளைத்த டொராடோ கிணற்றில் 25 மீற்றர் தடிப்புள்ள வாயுப் படை அகப்பட்டதென்ற செய்தி வெளிவந்த நாள்முதல், அங்கே எவ்வளவு வாயு இருக்கிறதென்பதைப் பற்றியே நம்மவர் பெரும்பாலும் பேசி வருகின்றனரேயன்றி, அது எந்தப் படையிலிருந்து, எந்த வேகத்தில், எவ்வளவு நீரோடு கலந்து மேலேறும் என்று வினவுவோர் மிகச் சிலரே. பிரான்சின் டோட்டல் நிறுவனத்தோடு 2016இல் செய்யப்பட்ட உடன்படிக்கையால் கிழக்குக் கடலும் ஆய்வுக்கு உட்பட்டதாகையால், மட்டக்களப்பார் அவ்வினாவை எழுப்புவது அவசியம்.

அதற்கான அனுபவமும் நமக்கு உண்டு. வாவிக்கும் சமுத்திரத்துக்கும் இடைப்பட்ட மணற்றிடலில், உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கும் நன்னீரை நம்பியே கல்லடி முதலாகக் களுதாவளை ஈறாக உள்ள கிணறுகள் இருக்கின்றன; 2004 டிசம்பரில் சுனாமியால் உப்பேறிய அக்கிணறுகளைச் சுத்திசெய்யும் ஆவலில் வரம்பின்றி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழுந்து நீர் மேலும் கெடும் என்று விஞ்ஞானிகள் அந்நாளில் எச்சரிக்க நேர்ந்தது. கடலடி வாயுக் கிணற்றிலும் இதே பௌதிக நியதி தொழிற்படுகிறது: அளவுக்கு மிஞ்சி வாயுவை இழுத்தால், கீழிருக்கும் நீர் கூம்புபோல் எழுந்து வாயுவின் வழியை அடைத்துவிடும்.

இவ்வபாயத்தை முன்னறியக் கிணற்றின் வாயிலில் மொத்த வரத்தை அளப்பது மாத்திரம் போதாது. கம்பிவடத்தில் கட்டிய மெல்லிய கருவியொன்றைப் பல்லாயிரம் அடி ஆழத்துக்கு இறக்கி, அதிலுள்ள சிறு விசிறி சுழலும் வேகத்தைக்கொண்டு பாய்ச்சலையும், உடனிருக்கும் உணரிகளைக்கொண்டு அமுக்கம், வெப்பநிலை, அடர்த்தி ஆகியவற்றையும் ஆழத்துக்கு ஆழம் பதிவுசெய்கிறார்கள். வாயு கிணற்றுக்குள் புகுந்து விரியுமிடத்தில் குளிர்ச்சி பிறப்பதால், வெப்பநிலைக் கோட்டில் தோன்றும் ஓர் அற்பச் சரிவே ஊற்றுக்கண்ணைக் காட்டிக்கொடுத்துவிடும்; சாஸ்திரத்தின் இந்த நுட்பம் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. கிடையாகச் செல்லும் கிணற்றிலோ நீர் அடியிலும் வாயு மேலிலுமாகப் பிரிந்து ஓடுவதால், நடுவில் சுழலும் ஒரே விசிறி தவறான கணக்கைத் தரக்கூடும். ஆகவே குழாயின் குறுக்கே பல இடங்களில் அளக்கும் கருவிகள் தேவைப்படுகின்றன.

இத்தகைய பதிவுகளை வாசிக்க வல்லவர் நம்மிடம் இல்லாவிடில், நம் கடலின் செல்வத்தைப் பற்றி அயலார் சொல்லும் கணக்கே நமக்குப் பிரமாணமாகிவிடும். நோர்வேயில் கிணற்றுத் தரவுகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, குறித்த காலம் கழிந்தபின் பகிரங்கமாக்கப்படுகின்றன. இங்கும் மூலப் பதிவுகள் யாவும் அரசுக்குக் கையளிக்கப்படல் வேண்டும். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர் அவற்றைக் கற்று ஆராய உரிமை பெறல் வேண்டும். கிழக்குக் கடலில் முதற் கிணறு துளைக்கப்படுவதற்கான எந்த ஒப்பந்தமும் கைச்சாத்தாகுமுன் இவ்விரு நிபந்தனைகளும் அதில் எழுத்தில் இடம்பெறல் வேண்டும்.