டவுன் ஹாலுக்கு வாருங்கள், தோழர்களே!



கோவை மாமன்றத்தின் பதவிக்காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. முடிந்த கையோடு தேர்தல் வரும் என்று யாரும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை. போன முறை நடந்ததை மறந்துவிடாதீர்கள். 2016 அக்டோபரில் கவுன்சிலர்கள் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த மாமன்றம் பதவியேற்றது 2022 மார்ச்சில். நடுவே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊருக்கு மேயரும் இல்லை, மாமன்றமும் இல்லை. எல்லா அதிகாரமும் அரசு நியமித்த தனி அலுவலர் கையில் இருந்தது.

அந்த இடைவெளியில்தான், 2018 தொடக்கத்தில், நமது குடிநீர் விநியோகத்தை 26 ஆண்டுகளுக்கு சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு சுமார் 3,000 கோடி ரூபாய். பழைய மாநகராட்சிப் பகுதியின் 60 வார்டுகள் அதில் அடக்கம். அன்றைக்குக் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. நாம் தெருவில் நின்று கேட்டோம். கட்சி வேறுபாடு பார்க்காமல் பலரும் வந்து நின்றார்கள். ஒப்பந்தம் நிற்கவில்லை.

அந்த ஒப்பந்தம் சொல்வதுபோல் 24 மணி நேரமும் தண்ணீர் வருவதை நாம் எதிர்க்கவில்லை. இதை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முதலில் சொல்லுங்கள். குழாயில் எப்போதும் அழுத்தம் இருந்தால் வெளி அழுக்கு உள்ளே நுழையாது. நாள் விட்டு நாள் தண்ணீர் விடும்போது, காலியாகக் கிடக்கும் குழாய் விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடையை உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீர் விட்டதும் முதல் நாலு குடத்தை நம் பெண்கள் ஏன் கீழே கொட்டுகிறார்கள்? கலங்கல் போய் வாடை அடங்கும்வரை ஏன் காத்திருக்கிறார்கள்? இதற்குத்தான். உப்புத் தண்ணியில் துணி துவைத்து, நல்ல தண்ணி வரும் நாளை எண்ணி வாழும் மக்களிடம் போய் நல்ல திட்டத்தை வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. குழாய் யாருடைய கட்டுப்பாட்டில், யாருக்குக் கணக்குச் சொல்லி ஓடும் என்பதுதான் நம் சண்டை.

கம்பெனி ஒரு சொட்டுத் தண்ணீரையும் கொண்டுவரவில்லை என்பதையும் சொல்லுங்கள். சிறுவாணி அணை பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. 1973இல் இரண்டு மாநிலங்களும் போட்ட ஒப்பந்தப்படி, தமிழ்நாட்டு மக்களின் பணத்தில் கட்டியது. பில்லூர் மூன்றாவது திட்டம் 2024இல் திறக்கப்பட்டது. அதுவும் பொதுப்பணம்தான். சிறுவாணி அணையில் முழுக் கொள்ளளவுக்குக் கேரளம் தண்ணீர் தேக்காத ஆண்டில் கோடைக்கு முன்பே இங்கே தட்டுப்பாடு வருகிறது. கம்பெனி வைக்கும் எந்த மீட்டரும் அதைத் தீர்க்காது. அதை அரசுகள்தான் பேசித் தீர்க்க வேண்டும். குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், வடவள்ளி, சரவணம்பட்டி என்று 2011இல் மாநகராட்சியோடு சேர்த்த பகுதிகளின் மக்கள் வேறு கணக்குக் கேட்கிறார்கள். அந்த 60 வார்டில் நாங்கள் இல்லையே, எங்களுக்கு எப்போது என்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் மாமன்றம்தான்.

கட்டணத்தை முடிவு செய்வது மாநகராட்சிதான், கம்பெனி அல்ல என்று அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். நல்லது, அதையே பிடித்துக்கொள்வோம். மாநகராட்சி என்றால் யார்? மாமன்றம் இருந்தால் நூறு வார்டுகளின் நூறு பேர். இல்லாவிட்டால் தனி அலுவலரின் ஒரே கையெழுத்து. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் குடிநீர் விநியோகத்தைப் பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்குரிய பணியாகச் சேர்த்திருக்கிறது. அந்தப் பணியை மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லாத நாளில் 26 ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுக்க முடிந்தது என்றால், கட்டணத்தையும் அப்படி ஒரு நாளில் உயர்த்த முடியும்.

மாற்றவே முடியாது என்று சொல்பவர்களுக்கு பாரிஸைக் காட்டுங்கள். சூயஸின் சொந்த ஊர். 1985 முதல் அங்கே ஓடும் ஆற்றின் இடக்கரையில் சூயஸ் குழுமத்து நிறுவனமும் வலக்கரையில் வெயோலியா என்ற இன்னொரு தனியார் நிறுவனமும்தான் தண்ணீர் விநியோகித்தன. ஒப்பந்தம் 2009 கடைசியில் முடிவதற்கு முன்பே, தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்வது என்று மாநகர மன்றம் முடிவெடுத்தது. 2010 ஜனவரி முதல் விநியோகம் மாநகரத்தின் சொந்த நிறுவனத்திடம் வந்தது. மறு ஆண்டு கட்டணத்தை 8 சதவீதம் குறைத்தார்கள். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தது, அது முடிவெடுத்தது.

நமக்கு வேண்டியது மாமன்றத் தீர்மானம். இந்த மாமன்றம் கலைவதற்குள் அது மினிட் புத்தகத்தில் ஏற வேண்டும். வீட்டுக் குடிநீர்க் கட்டணத்தை மாமன்றத்தில் விவாதித்து வாக்கெடுக்காமல் உயர்த்தக் கூடாது. தனி அலுவலர் காலத்தில் உயர்த்தவே கூடாது. மில் லைன் வீடுகளிலும் குடிசைப் பகுதிகளிலும் உள்ள பொதுக் குழாயை, அந்தப் பகுதி சபா ஒப்புக்கொள்ளாமல் எடுக்கக் கூடாது. ஒப்பந்தம் முழுவதும் தமிழில் ஒவ்வொரு பகுதி சபாவிலும் வைக்கப்பட வேண்டும். கம்பெனிக்கு எவ்வளவு பணம் போனது, எந்த வார்டில் எவ்வளவு வேலை முடிந்தது என்ற கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாமன்ற மேசைக்கு வர வேண்டும்.

தீர்மானம் இருந்தாலும் தனி அலுவலர் அதை மாற்றலாமே என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். மாற்றலாம்தான். ஆனால் மாற்றினால் கையும் களவுமாகப் பிடிபடுவார். நீதிமன்றத்துக்குப் போக நம் கையில் ஒரு தாள் இருக்கும். 2018இல் அது நம்மிடம் இல்லை.

மன்றக் கூட்டம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பொருள் எண் மட்டும் வாசிப்பார்கள், 'ஆல் பாஸ்' என்று ஒரு குரல் எழும், மேசை தட்டுவார்கள், முடிந்தது. நடந்து முடிந்தவற்றுக்குப் பின்னேற்பு கேட்கும் பொருள்களும் அந்தக் கட்டிலேயே போய்விடும். ஆகவே அஜெண்டா கைக்கு வந்த அன்றே ஒவ்வொரு கிளையும் அதை வரி வரியாகப் படிக்க வேண்டும். குடிநீர், மீட்டர், சாலை வெட்டு, கட்டணம் என்று எங்கே வந்தாலும் அந்தப் பொருளைத் தனியாக எடுத்து விவாதிக்கும்படி உங்கள் கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் கேளுங்கள். அவர் வீட்டுக் குழாயிலும் அதே தண்ணீர்தான் வருகிறது.

இந்தத் தீர்மானம் கேட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறோம். சிங்காநல்லூர், பீளமேடு, உக்கடம், செல்வபுரம் கிளைகள் காலை ஆறு மணிக்கே குழாயடிக்குப் போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் ஆள் கிடைக்காது. குழாய் பதித்து மூடாமல் விட்ட குழிகளையும், இணைப்புக் கொடுத்தும் தண்ணீர் வராத வீடுகளையும் வார்டு எண்ணோடு எழுதி வாருங்கள். வால்வு திறக்கும் தொழிலாளர்களிடம் பேசுங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் ஏறவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த மாமன்றக் கூட்டம் நடக்கும் நாளில், காலை ஒன்பது மணிக்குள், கையெழுத்துக் கட்டுகளோடு டவுன் ஹாலில் மாமன்றம் கூடும் விக்டோரியா ஹால் வாசலில் இருங்கள். ஆளுக்கொரு காலிக் குடமும் கொண்டு வாருங்கள்.